பதினொரு நியூரான்கள்

ஜூன் 9, திங்கள்

இன்று முப்பத்திரண்டு நியூரான்கள் எண்ணினேன். கண் எரிகிறது. ஆய்வகக் குறிப்பேட்டில் எண்ணிக்கையை எழுதலாம். கண் எரிவதை எழுத அதில் இடமில்லை. அதற்காகத்தான் இந்த நோட்டு. அதற்காக மட்டும் என்றும் சொல்ல முடியாது. ஒரு வாரமாகக் காலையில் எழுந்ததும் வயிறு இறுகிக்கொள்கிறது. எழுதிப் பார்த்தால் இளகும் என்று நஸ்ரின் சொன்னாள். அவள் எனக்கு மூன்று வருடம் இளையவள், அதே ஆய்வகம்.

இருபதாம் தேதி ஹைதராபாத் மாநாட்டில் எங்கள் ஆய்வகத் தலைவர் வசந்தா மேடம் பேசுகிறார். அதற்குள் தொண்ணூற்றாறு நியூரான்களும் முடிய வேண்டும். ஐந்து வருட முனைவர் படிப்பில் என் கையில் இருப்பது இந்த ஒரு சோதனைதான்.

சங்கரன்கோவிலிலிருந்து அம்மா ஃபோனில் கேட்டாள், அப்படி என்னதான் எண்ணுகிறாய் என்று. சொன்னேன். பிறந்த எலிக்குட்டியின் மூளைச் செல்களைக் கண்ணாடித் துண்டின்மேல் வளர்க்கிறோம். மூன்று வாரத்தில் ஒவ்வொரு நியூரானும் கிளை விடும். கிளைகளின்மேல் முட்கள் முளைக்கும். முள் என்றுதான் பெயர்; பார்க்கக் குட்டிக் காளான் போல இருக்கும். பக்கத்து நியூரான் வந்து பேசுகிற இடம் அது. கிளை எங்கே பிரிய வேண்டும், முள் எப்போது தலை பருக்க வேண்டும் என்பதையெல்லாம் உள்ளே இருக்கும் சில புரதங்கள் தீர்மானிக்கின்றன. எங்கள் எலிகளுக்கு அவற்றில் ஒரு புரதம் பாதி அளவுதான் உண்டு. அதனால் கிளை குறைவு. முட்கள் தலை பருக்காமல் மெல்லிய நூலாகவே நின்றுவிடுகின்றன. இதே குறையோடு பிறக்கும் பிள்ளைகள் இருக்கிறார்கள். பேச்சு வராது. வலிப்பு வரும்.

"அதுக்கு மருந்து கண்டுபிடிக்கியாட்டீ?" என்றாள் அம்மா.

"ஆமா" என்றேன்.

அந்த மருந்தை நாங்கள் 'நாற்பத்தொன்று' என்போம். எங்கள் அலமாரியில் அது நாற்பத்தொன்றாவது புட்டி. ஆய்வகங்களுக்கென்று ரசாயனக் கடைகள் விற்கும் வெள்ளைப் பொடி. கிளைக்குள் ஆக்டின் என்னும் இழைகள் இருக்கின்றன; அவற்றைக் கட்டி எழுப்பும் புரதத்தை இந்தப் பொடி தூண்டிவிடும் என்பது மேடத்தின் எண்ணம். பாதிக் கண்ணாடித் துண்டுகளில் நாற்பத்தொன்று, பாதியில் வெறும் உப்புநீர். எது எதில் என்பது எண்ணுகிறவளுக்குத் தெரியக் கூடாது. தெரிந்தால் கை தானாகச் சாயும். எனவே நஸ்ரின் துண்டுகளுக்கு வெறும் எழுத்துகளை ஒட்டி, பட்டியலை ஓர் உறையில் போட்டு மூடி அலமாரியில் வைத்திருக்கிறாள்.

ஜூன் 11, புதன்

ஐம்பத்தெட்டு முடிந்தது. எல்லாம் ஒன்றுபோலவே இருக்கின்றன. ஒரு துண்டிலாவது கிளைகள் அடர்ந்திருக்க வேண்டாமா?

மேடம் கதவருகே நின்று, "எப்படிப் போகுது கோமதி?" என்றார்.

"நல்லா போகுது மேடம்."

அவர் போனதும் கழிப்பறைக்குள் போய்ப் பத்து நிமிடம் உட்கார்ந்திருந்தேன்.

ஜூன் 12, வியாழன்

மதியம் எல்லோரும் சாப்பிடப் போனபோது உறையைத் திறந்தேன். ஒரு துண்டில் தேதி மங்கியிருந்தது. சரிபார்க்கத்தான். பட்டியலில் அந்த ஒரு வரியை மட்டும் பார்த்துவிட்டுத் திரும்ப ஒட்டிவிட்டேன்.

ஜூன் 13, வெள்ளி

உறை கொஞ்சம் கோணலாக ஒட்டியிருக்கிறது. நஸ்ரின் அதையெல்லாம் கவனிக்கிற ஆள் இல்லை.

ஜூன் 16, திங்கள்

தொண்ணூற்றாறும் முடிந்தன.

சில நியூரான்களில் கிளைகள் சீரான கோடாக ஓடவில்லை. நூலில் மணி கோத்ததுபோல் அங்கங்கே புடைத்து நின்றன. சாயம் சரியாக ஏறாவிட்டால் இப்படித் தெரியலாம். இப்படிப்பட்டவற்றை விலக்குவது எல்லா ஆய்வகத்திலும் உள்ளதுதான். பதினொன்றை விலக்கினேன். பதினொன்றும் டி, கே, எம் என்ற மூன்று துண்டுகளில் இருந்தவை. தற்செயல்.

மீதி எண்பத்தைந்தின் எண்ணிக்கையை மேடத்திடம் கொடுத்தேன். உறையைப் பிரிக்க மேடமும் நஸ்ரினும் வந்தார்கள். அவள் பிரிக்கும்போது நான் தண்ணீர் குடிக்கப் போய்விட்டேன். திரும்பி வந்தபோது கணக்குப் போட்டு முடித்திருந்தார்கள்: நல்ல, சுத்தமான வித்தியாசம். மேடம் என்னைக் கட்டிப் பிடித்துக்கொண்டார். "நாற்பத்தொண்ணு ஊத்தின செல்லுல எல்லாம் கிளை கூடியிருக்கு, கோமதி! முள்ளுகூட பருத்திருக்கு!" என்றார். டாக்டர் வசந்தா இன்பராஜ் யாரையும் கட்டிப் பிடித்து நான் பார்த்ததில்லை.

சந்தோஷமாகத்தான் இருக்கிறது. சோறு இறங்கவில்லை.

ஜூலை 3, வியாழன்

மேடத்தின் பேச்சு பத்திரிகையில் வந்துவிட்டது. 'பேசாத குழந்தைகளைப் பேசவைக்கும் பொடி: மதுரை ஆய்வாளர்கள் சாதனை.' படத்தில் மேடத்துக்குப் பின்னால் நான் நிற்கிறேன், கண்ணை மூடிக்கொண்டு.

மேடத்துக்கு நல்ல கோபம். "எலிக்குட்டியோட செல்லுன்னு நாலு தடவை சொன்னேன். ஒரு தடவைகூடப் போடலை." பொடியின் பெயரையும் தப்பும் தவறுமாகத் தமிழில் போட்டிருக்கிறார்கள்.

வரவேற்பறை ஃபோன் காலையிலிருந்து ஓயவில்லை. எல்லாம் பெற்றவர்கள்.

ஜூலை 8, செவ்வாய்

ஒட்டன்சத்திரத்திலிருந்து ஒருவர் சொல்லாமல் கொள்ளாமல் வந்துவிட்டார். பெயர் கனகவேல். தையல் மெஷின் பழுது பார்க்கிற கடை வைத்திருக்கிறார். இடுப்பில் மகள், ஓவியா, ஆறு வயது. எங்கள் எலிகளுக்கு உள்ள அதே குறை. பெரிய பிள்ளை, கால்கள் அவர் முழங்கால் வரை தொங்கின. அவருடைய சட்டைக் காலரை வாயில் வைத்துக் கடித்துக்கொண்டே இருந்தாள்.

மேடம் இருபது நிமிடம் பொறுமையாகப் பேசினார். "இது எலிக்குட்டியோட செல்லுங்க. முழு எலிக்கே இன்னும் குடுக்கலை. மனுஷங்களுக்கு வர பத்து வருஷம் ஆகலாம். வராமலே போகலாம்."

"பத்து வருஷத்துல இவளுக்குப் பதினாறு ஆயிருமே மேடம்."

மேடம் என்னை அவர்களோடு வாசல் வரை போகச் சொன்னார்.

வாசலில் கனகவேல் ஃபோனை நீட்டினார். "பேப்பர்ல பேரு சரியா போடலைங்க. தேடுனா பூச்சி மருந்துதான் வருது. என்ன ஏதுன்னு தெரிஞ்சுக்கத்தான். கொஞ்சம் அடிச்சுத் தாங்களேன்."

அந்தப் பிள்ளை என் துப்பட்டாவைப் பிடித்து இழுத்து வாயில் வைத்துக்கொண்டது. விடுவிக்க மனம் வரவில்லை. ஆங்கிலத்தில் அடித்துக் கொடுத்தேன். மாநாட்டில் சொன்ன பெயர்தானே, ரகசியம் ஒன்றுமில்லை. என் நம்பரையும் கேட்டார். கொடுத்தேன்.

ஜூலை 9, புதன்

மேடத்திடம் சொல்லவில்லை. சொல்வதற்கு என்ன இருக்கிறது?

ஜூலை 22, செவ்வாய்

காலை பத்தே கால். வாட்ஸ்அப்பில் கனகவேல் அனுப்பிய ஒரு வீடியோ. ஓவியா தரையில் உட்கார்ந்திருக்கிறாள். கேமராவைப் பார்த்து உதட்டை இரண்டு முறை ஒட்டிப் பிரிக்கிறாள். "ப்பா" என்கிறாள். பின்னால் ஓர் ஆணின் அழுகை.

அடுத்து ஒரு படம். எங்கள் அலமாரியில் இருப்பது போன்ற புட்டி. 'ஆய்வுக்கு மட்டும், மனிதப் பயன்பாட்டுக்கு அல்ல' என்று ஆங்கிலத்தில் எழுதியிருக்கிறது.

'ஆன்லைன்ல வாங்கி அஞ்சு நாளா குடுக்கறேன் மேடம். மருந்தாளுநருக்குப் படிச்ச மச்சான் கிலோவுக்கு இவ்வளவுன்னு கணக்குப் போட்டுத் தந்தான். நகைக்கடைத் தராசுல நிறுத்து வாழைப்பழத்துல வெச்சுக் குடுக்கறேன். உங்களை மறக்க மாட்டேன்.'

ஜன்னல் திண்டில் சாய்ந்து நின்றுகொண்டு அடித்தேன்: 'சார், உடனே நிறுத்துங்க. இது மனுஷங்களுக்கு இல்லை.'

'அவ கூப்பிடுறா மேடம்.'

'நிறுத்துங்க சார்.'

பிறகு: 'இதுல கெடுதல் ஏதும் இருக்குன்னு நீங்க பாத்திருக்கீங்களா?'

அந்தக் கேள்வியை எவ்வளவு நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன் என்று தெரியவில்லை.

'இல்லை. ஆனாலும் நிறுத்துங்க' என்று அடித்தேன்.

அவர் கை கூப்புகிற படம் ஒன்றை அனுப்பினார். நிறுத்துகிறேன் என்று அதற்குப் பொருளா என்று கேட்கவில்லை.

ஜூலை 23, புதன்

நுண்ணோக்கி அறையில் விளக்கைப் போடக் கூடாது. பட்டப்பகலிலும் இருட்டுதான். எனக்குப் பிடித்த அறையாக இருந்தது. இன்று கதவைத் தாளிடாமல் ஒரு நாற்காலியைக் கொடுத்துத் திறந்தே வைத்தேன்.

அந்தப் பதினொன்றின் படங்களைத் திரையில் வரிசையாகத் திறந்தேன்.

சாயம் ஏறியிருக்கிறது. நன்றாகவே ஏறியிருக்கிறது. செல்லின் உடல் பளிச்சென்று இருக்கிறது, மெல்லிய கிளை நுனி வரை பச்சை ஓடியிருக்கிறது. கிளைகள்தான் வீங்கி இறுகி, வீங்கி இறுகி நிற்கின்றன. வீங்கிய இடங்களில் முட்களே இல்லை, உள்ளே இழுத்துக்கொண்டுவிட்டன. அளவுக்கு மீறித் தூண்டப்பட்ட நியூரான் சாகும் முன் இப்படித்தான் ஆகும். இரண்டாம் வருடத்திலேயே படித்திருக்கிறேன். பரீட்சையில் எழுதியிருக்கிறேன்.

பின்னால் நஸ்ரின் வந்து நின்றதைக் கவனிக்கவில்லை.

"இது எந்த ஸ்லைடுக்கா?"

"பழசு. சாயம் சரியா ஏறலை."

"ஏறியிருக்கேக்கா."

நான் திரையை அணைத்தேன். அவள் நாற்காலியை எடுத்து ஓரமாக வைத்துவிட்டுப் போனாள். கதவு தானாகச் சாத்திக்கொண்டது.

அன்று உறையில் நான் ஒரு வரியை மட்டும் பார்க்கவில்லை. முழுப் பட்டியலையும் பார்த்தேன். டி, கே, எம் மூன்றும் நாற்பத்தொன்று என்று தெரிந்த பிறகுதான் அந்தப் பதினொன்றையும் விலக்கினேன். உப்புநீர்த் துண்டுகளில் சுமாராக இருந்த எதையும் நான் விலக்கவில்லை.

எழுதிவிட்டேன். வயிறு இளகவில்லை.

ஜூலை 24, வியாழன்

கனகவேலை ஒன்பது தடவை அழைத்தேன். மணி அடிக்கிறது. எடுக்கவில்லை.

ஜூலை 25, வெள்ளி

இதை எழுதுவது திண்டுக்கல் ஆஸ்பத்திரி வராந்தாவில். மாலை நாலரை.

காலை ஆரப்பாளையத்தில் பஸ் ஏறினேன். ஒட்டன்சத்திரத்தில் கடையை விசாரித்துப் போனபோது ஷட்டர் பாதி இறக்கியிருந்தது. பின்பக்கம்தான் வீடு. கதவைத் திறந்த பெண் முகம் கழுவாமல், தலை கலைந்து இருந்தார்.

"யாரு?"

"மதுரையிலிருந்து வரேன். கனகவேல் சாரைப் பாக்கணும்."

உள்ளே பாயில் ஓவியா படுத்திருந்தாள். கண் பாதி திறந்து, வாயோரம் நுரை காய்ந்திருந்தது. சுவரில் சாய்ந்து கனகவேல் உட்கார்ந்திருந்தார். அவர் மடியில் ஃபோன். திரையில் என் ஒன்பது அழைப்புகளும் வரிசையாகத் தெரிந்தன.

"மூணு மாசமா ஃபிட்ஸே வரலைங்க" என்றார் அந்தப் பெண். அவர் மனைவி சுமதி. "முந்தாநாள்லேந்து நாலு தடவை. மாத்திரையெல்லாம் கரெக்டா குடுக்கறேன். என்னன்னே தெரியலை."

நான் கனகவேலைப் பார்த்தேன். "நிறுத்தலையா சார்?"

அவர் தலையைத் தூக்கவில்லை. "நிறுத்துனா பேச்சும் நின்னுருமோன்னு..."

"எதை நிறுத்துனா?" என்றார் சுமதி.

அவர் என்னைப் பார்த்தார், பிறகு புருஷனை. "ஏங்க, எதை நிறுத்துனா?"

அவருக்குத் தெரியாது. எட்டு நாளாக வாழைப்பழத்தில் வைத்துக் கொடுத்தது அவருக்குத் தெரியவே தெரியாது. நான்தான் சொன்னேன். பொடி என்ன, எங்கிருந்து வந்தது, அதன் பெயரை ஃபோனில் அடித்துக் கொடுத்தது யார் என்று எல்லாவற்றையும். சொல்லி முடிப்பதற்குள் பிள்ளையின் வலது கை துடிக்கத் தொடங்கியது. ஐந்தாவது. நிமிடங்களைப் பார்த்துக்கொண்டிருந்தேன். மூன்று, நாலு, ஐந்து. நிற்கவில்லை.

நூற்றியெட்டு ஆம்புலன்சில் ஏறும்போது கனகவேல் அந்தப் புட்டியைச் சட்டைக்குள்ளிருந்து எடுத்து என் கையில் வைத்தார். அவர் கை ஈரமாக இருந்தது. சுமதி வழி முழுக்கப் பிள்ளையின் தலையைப் பிடித்துக்கொண்டு வந்தார்.

இங்கே பணியில் இருந்த பெண் டாக்டருக்கு என் வயதுதான் இருக்கும். ஊசி போட்டு வலிப்பை நிறுத்தவே முக்கால் மணி நேரம் ஆனது. பிறகு புட்டியோடு வெளியே வந்தார்.

"இது நரம்பை என்ன பண்ணும்? இன்டர்நெட்ல தேடிட்டேன். பாதிப்புன்னு எதுவுமே இல்லை. ஒரே ஒரு ஆய்வுச் சுருக்கம் இருக்கு, அதுல நல்லதுன்னு போட்டிருக்கு."

"அது எங்களுது" என்றேன். "இது செல்லை ரொம்பத் தூண்டிவிடும். கிளையெல்லாம் வீங்கிடும். முள்ளு உள்ள போயிடும்."

"எங்க போட்டிருக்கு?"

"எங்கயும் போடலை. நான் பாத்தேன். பாத்துட்டு எடுத்துட்டேன்."

டாக்டர் என்னை ஒரு கணம்தான் பார்த்தார். "எந்த அளவுல? எத்தனை மணி நேரத்துல?" என்று கேட்டு, நான் சொல்லச் சொல்லக் குறித்துக்கொண்டு ஓடினார்.

சுமதி அங்கேதான் நின்றிருந்தார். அருகில் வந்தார். அடிப்பார் என்று நினைத்தேன். கண்ணை மூடிக்கொண்டேன்.

"தெரிஞ்சுகிட்டேவா பேர எழுதிக் குடுத்தீங்க?"

ஆமாம் என்பதும் பொய், இல்லை என்பதும் பொய். "தெரிஞ்சுக்காம இருந்துகிட்டேன்" என்றேன்.

ஜூலை 26, சனி

பிள்ளை கண் திறக்கவில்லை. சுமதி என் பக்கத்தில் உட்கார மாட்டேன் என்கிறார். எழுந்து போ என்றும் சொல்லவில்லை.

ஜூலை 27, ஞாயிறு

காலை ஏழு மணிக்குக் கண் திறந்தாள். நர்ஸின் கையுறையைக் கடித்து இழுத்தாளாம். அதைக் கேட்டு சுமதி சிரித்தார். சிரிப்பு அப்படியே அழுகையாகி வராந்தா முழுக்கக் கேட்டது. கனகவேல் கழிப்பறைப் பக்கம் போய் நின்றுகொண்டார்.

மறுபடி ஏதாவது சொன்னாளா என்று நான் கேட்கவில்லை. அவர் தானாகவே வந்து சொன்னார். "இல்லைங்க. சத்தமே இல்லை."

சாயங்காலம் மதுரை திரும்பினேன். பஸ்ஸில் பக்கத்து சீட்டுப் பெண் என்னைத் தொட்டு, "உடம்பு சரியில்லையாம்மா?" என்றாள்.

ஜூலை 28, திங்கள்

மேடம் அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினேன். உட்காரச் சொன்னார். உட்கார்ந்தால் சொல்ல முடியாது என்று நின்றுகொண்டே சொன்னேன். உறை. பதினொன்று. வாசலில் ஃபோன். திண்டுக்கல்.

அவர் ரொம்ப நேரம் மேசையில் இருந்த பேனாவின் மூடியைக் கழற்றி மாட்டிக் கழற்றிக்கொண்டிருந்தார்.

"குழந்தை?"

"கண் திறந்துட்டா மேடம்."

"படமெல்லாம் வெச்சிருக்கியா? அழிச்சுட்டியா?"

"வெச்சிருக்கேன்."

கத்துவார் என்று எதிர்பார்த்தேன். கத்தியிருந்தால் தாங்கியிருப்பேன். அவர் எழுந்து ஜன்னலுக்குப் போய் எனக்கு முதுகைக் காட்டி நின்றார். "தொண்ணூத்தாறு எப்படி எண்பத்தஞ்சு ஆச்சுன்னு அன்னைக்கே நான் கேட்டிருக்கணும். பாத்தேன். கேட்கத் தோணுச்சு. கேட்கலை." திரும்பியபோது அவர் உதடு வெளுத்திருந்தது. எனக்கு அது இன்னும் பயமாக இருந்தது. இந்த ஆய்வகத்தில் பயப்படாத ஒரே ஆள் அவர்தான் என்று நினைத்திருந்தேன்.

"எல்லாத்தையும் தேதி வாரியா எழுதிக் குடு. நான் இயக்குநர்கிட்ட போறேன். ஆய்வுச் சுருக்கத்தை இன்னைக்கே திரும்ப எடுத்துக்கறோம். நீ இனிமே இங்க இருப்பியான்னு என்னால சொல்ல முடியாது, கோமதி."

"சரி மேடம்."

"நான் இருப்பேனான்னும் சொல்ல முடியாது."

ஆகஸ்ட் 1, வெள்ளி

அம்மாவிடம் சொன்னேன். முழுக்கக் கேட்டுவிட்டு, "அந்தப் புள்ள பொழச்சுக்கிட்டுல்லா?" என்றாள். பொழச்சுக்கிட்டு என்றேன். அப்புறம் ஃபோனை அப்பாவிடம் கொடுக்காமலே வைத்துவிட்டாள்.

ஆகஸ்ட் 14, வியாழன்

விசாரணைக் குழுவில் மூன்று பேர். தண்டனையை முடிவு செய்யும் முன் மறுபடி எண்ண வேண்டும் என்றார்கள். நானும், வேறு துறையிலிருந்து ஒருவரும், தனித்தனியாக. எழுத்துகளை மாற்றிப் பட்டியலை அவர்களே பூட்டி வைத்தார்கள். நாலு நாளாக எண்ணுகிறேன். ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருக்கிறார். கவனம் சிதறும்போது நிறுத்தி, ஒன்றிலிருந்து பத்து வரை மனதுக்குள் சொல்லிவிட்டுத் தொடர்வேன்.

இன்று முடிவு வந்தது. இரண்டு பேர் எண்ணிக்கையும் ஒத்துப்போகிறது. நாற்பத்தொன்று ஊற்றியதில் கிளை கூடவில்லை. ஒரு வித்தியாசமும் இல்லை. வீங்கிய நியூரான்கள் மட்டும் பதினொன்று அல்ல, பதினான்கு. எல்லாம் நாற்பத்தொன்றில். மூன்றை நான் அன்று கவனிக்கவே இல்லை.

வெளியே வந்தபோது படிக்கட்டில் நஸ்ரின் உட்கார்ந்திருந்தாள். இரண்டு வாரமாக என்னோடு பேசாதவள்.

"உறை கோணலா இருந்தது எனக்கு அன்னைக்கே தெரியும்க்கா" என்றாள். "கேட்டா நீங்க என்ன சொல்வீங்களோன்னு பயந்துட்டேன்."

அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

ஆகஸ்ட் 19, செவ்வாய்

முடிவு எழுத்தில் வந்துவிட்டது. என் பதிவு ரத்து. மாத முடிவுக்குள் விடுதியைக் காலி செய்ய வேண்டும். மேடம் ஒரு வருடம் புதிய மாணவர்களை எடுக்கக் கூடாது.

பயந்த அளவுக்கு ஒன்றும் ஆகவில்லை என்று எழுத நினைத்தேன். எழுதும்போதே கனகவேல் அழைத்தார்.

ஓவியா வீட்டுக்கு வந்து பத்து நாள் ஆகிறதாம். நடக்கிறாள், சாப்பிடுகிறாள். வலிப்பு ஒரே ஒரு தடவை. அவர் குரலில் என்மேல் கோபமே இல்லை. அதுதான் முதலில் உறுத்தியது.

"ஒண்ணு கேக்கணுங்க. அவ அப்பான்னு கூப்புட்டது மருந்தாலதானா?"

"தெரியாது அண்ணே." எப்போது அண்ணே ஆனார் என்று எனக்கே தெரியவில்லை. "உண்மையிலேயே யாருக்கும் தெரியாது. தானாவே வந்திருக்கலாம். வலிப்புக்கு முன்னால மூளை ரொம்பத் தூண்டப்பட்டதாலயும் இருக்கலாம்."

"வந்துச்சுல்ல. அது நெசந்தானே. வீடியோல இருக்கே."

"இருக்கு."

அவர் மூச்சு விடுவது கேட்டது.

"அப்ப அளவுதான் தப்பா போச்சோ? பாதியா குடுத்தா?"

நான் எழுந்து நின்றுவிட்டேன்.

"வேண்டாம் அண்ணே. பாதியும் வேண்டாம், கால்வாசியும் வேண்டாம். நாங்க எண்ணிப் பாத்துட்டோம். நல்லது ஒண்ணுமே இல்லை. கெடுதல் மட்டுந்தான்."

"போன தடவை நல்லதுன்னு சொன்னீங்க. இந்தத் தடவை கெட்டதுன்னு சொல்றீங்க." குரல் உயரவில்லை. "நீங்க எலியைத்தானே பாத்தீங்க. எம் பொண்ணைப் பாக்கலையே."

வைத்துவிட்டார்.

ஆகஸ்ட் 20, புதன்

காலையில் தெரியாத நம்பர். சுமதி.

"அந்தப் பாட்டிலு திண்டுக்கல் டாக்டரம்மாகிட்டயே இருக்குது. ஆனா இவரு மறுபடி ஆர்டர் போட்டுட்டாரு. ஃபோன்ல பாத்தேன். சனிக்கிழமை வந்துருமாம்." மூச்சு வாங்கிக்கொண்டார். "நான் சொன்னா கேக்க மாட்டாரு. டாக்டரம்மா சொன்னதுக்கும் மண்டைய ஆட்டுனாரு. நீங்க எழுதிக் குடுங்க."

"என்ன எழுதணும்?"

"நீங்க பண்ணதை. தமிழ்ல எழுதுங்க, எனக்கும் புரியணும். ஃபோன்ல அனுப்பாதீங்க, அழிச்சுருவாரு. தாள்ல வேணும்."

மூன்று முறை எழுதிக் கிழித்தேன். மூன்றும் 'என்னை மன்னித்துவிடுங்கள்' என்று தொடங்கின. அவருக்கு அது எதற்கு? நாலாவதில் நடந்ததை மட்டும் எழுதினேன். தலைமைத் தபால் நிலையத்தில் விரைவுத் தபாலில் போட்டேன். வெளியே வந்து படியில் உட்கார்ந்த பிறகுதான் தெரிந்தது, செருப்பு இடம் மாறிப் போட்டிருக்கிறேன்.

ஆகஸ்ட் 22, வெள்ளி

மதியம் சுமதி அழைத்தார். "வந்துருச்சு. இவரு இங்கதான் இருக்காரு. நான் படிக்கறேன். தப்பா படிச்சா சொல்லுங்க."

பின்னால் ஏதோ பாத்திரம் உருளும் சத்தம். ஓவியாவாக இருக்கும். சுமதி ஒவ்வொரு சொல்லாகப் படித்தார்.

"'கனகவேல் அண்ணனுக்கு. நான் எண்ணிய தொண்ணூற்றாறு... நியூ...'"

"நியூரான்" என்றேன்.

"'நியூரான்களில் பதினொன்று கெட்டுப்போயிருந்தன. பதினொன்றும் நீங்கள் கொடுத்த மருந்து பட்டவை. எனக்கு நல்ல முடிவு வேண்டும் என்பதற்காக, தெரிந்தே அவற்றைக் கணக்கிலிருந்து எடுத்துவிட்டேன். அதனால்தான் மருந்து நல்லது என்று தோன்றியது. பேப்பரில் வந்தது அந்தப் பொய்தான். மறுபடி எண்ணியபோது நல்லது எதுவும் இல்லை. கெட்டவை பதினான்கு. கிளைகள் வீங்கியிருந்தன. வீங்கிய இடத்தில் ஒன்றோடொன்று பேசுகிற முட்கள் அழிந்திருந்தன. ஓவியாவின் முட்கள் ஏற்கனவே மெலிந்தவை. இருப்பதையும் இந்தப் பொடி எடுத்துவிடும். பாதி கொடுத்தாலும் எடுக்கும். அவள் அப்பா என்று கூப்பிட்டது எதனால் என்று எனக்குத் தெரியாது. தெரியும் என்று சொல்கிறவர்கள் யாரையும் நம்பாதீர்கள். என்னையும் சேர்த்து.'"

அவர் படிப்பதை நிறுத்தினார். கனகவேல் தாளைப் பிடுங்கிக் கிழிப்பார் என்று காத்திருந்தேன்.

கனகவேலின் குரல் தூரத்திலிருந்து கேட்டது. "கையெழுத்துப் போட்டிருக்காங்களா?"

"போட்டிருக்காங்க" என்றார் சுமதி. "முழுப் பேரு போட்டிருக்காங்க. தேதியும் போட்டிருக்காங்க."

பாத்திரம் உருள்வது நின்றுவிட்டது.

"நாளைக்கு அந்தப் பார்சலு வந்தா வாங்காத" என்றார் கனகவேல். "திருப்பி அனுப்பிரு."